15 வருடம் ஓட வேண்டிய தண்ணீர் மீட்டர்: ஓடிபி-யில் எந்தச் சாவியை எரிப்பது?

அம்பத்தூர்_போர்டு | திங்கள், இரவு 9:20

வணக்கம் நண்பர்களே. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 18 பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் மீட்டரும் மோட்டார் கன்ட்ரோலரும் செய்கிறோம். சம்ப், மேல்தொட்டி, போர்வெல், லாரித் தண்ணீர் இறங்கும் குழாய் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு லோரா நோடு (குறைந்த மின்சாரத்தில் தூரமாகப் பேசும் ரேடியோக் கருவி) இருக்கும். நோடுகள் மொட்டை மாடியில் இருக்கும் கேட்வேயோடு பேசும். கேட்வே 4ஜி வழியாக எங்கள் சர்வருக்கு வரும்.

போன வாரம் ஐரோப்பாவில் இருந்து வாங்க விரும்பும் ஒருவர் 11 பக்கக் கேள்வித்தாள் அனுப்பினார். அதில் ஒரு கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. சாதனத்தின் ஆயுள் முழுவதும் குவாண்டம் கணினியால் வரும் தாக்குதலைத் தாங்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் நிலைமை இதுதான். கேட்வேயில் கார்டெக்ஸ்-எம்4, 1 எம்பி ஃபிளாஷ், 256 கேபி ராம். பூட்லோடருக்கு (மின்சாரம் வந்ததும் முதலில் ஓடும் சிறு நிரல்) 48 கேபி ஒதுக்கியிருக்கிறோம், அதில் 11 கேபி மட்டும் காலி. ஃபர்ம்வேருக்கு (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்) பி-256 என்ற நீள்வட்ட வளைவில் இசிடிஎஸ்ஏ என்ற டிஜிட்டல் கையொப்பம். அதைச் சரிபார்க்கும் பொதுச்சாவியின் ஹாஷை (கைரேகை மாதிரியான சுருக்கம்) ஓடிபி-யில், அதாவது ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய நினைவகத்தில், எரித்துவிடுகிறோம், அப்புறம் மாற்ற வழியில்லை. நோடில் 256 கேபி ஃபிளாஷ், 64 கேபி ராம். பேட்டரி 10 வருடம் வர வேண்டும்.

அடுத்த மாதம் 4,000 போர்டு தயாரிப்புக்குப் போகிறது. மீட்டர் 15 வருடம் உழைக்கும் என்று விற்பனைத் தாளில் நாங்களே போட்டிருக்கிறோம். அப்படியானால் 2041 வரை. அதனால் கேள்வி இதுதான்: இப்போது ஓடிபி-யில் எதை எரிப்பது?

வேளச்சேரி_விசு | திங்கள், இரவு 9:48

எனக்கு இதில் உண்மையாகவே ஒரு சந்தேகம். இன்றைய பொதுச்சாவி முறைகளான ஆர்எஸ்ஏ-வையோ வளைவு கிரிப்டோவையோ உடைக்கும் அளவுக்குக் குவாண்டம் கணினி இன்று உலகில் எங்கேயும் இல்லை. இல்லாத ஒன்றுக்காக 18 பேர் நிறுவனம் எதற்குச் செலவு செய்ய வேண்டும்? வரும்போது ஓடிஏ-வில் (நெட்வொர்க் வழியாக) அப்டேட் அனுப்பிவிடலாமே.

தரமணி_லாட்டிஸ் | திங்கள், இரவு 10:31

விசு சார் கேட்டது சரியான கேள்வி. பதில் அவருடைய கடைசி வரியிலேயே இருக்கிறது. "ஓடிஏ-வில் அனுப்பிவிடலாம்" என்கிறார். அந்த ஓடிஏ-வை நம்புவதற்கு எந்தச் சாவியைச் சார்ந்திருக்கிறோம்? எரித்துவிட்ட பி-256 சாவியை. அந்தச் சாவியைப் போலியாகச் செய்ய முடிகிற நாளில், தாக்குபவரும் அதே வழியில் தன் ஃபர்ம்வேரை அனுப்பலாம். மாற்ற முடியாத இடத்தில் இருப்பதை முன்கூட்டியே சரி செய்தாக வேண்டும். மாற்றக்கூடியது கொஞ்சம் காத்திருக்கலாம்.

இரண்டு ஆபத்துகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ரகசியம். இன்று காற்றில் போகும் தரவை ஒருவர் சேமித்து வைத்து, 10 வருடம் கழித்துத் திறக்கலாம். இதற்குக் குவாண்டம் கணினி இன்று இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதனால்தான் சிக்னல் செயலி 2023-லும், ஆப்பிளின் ஐமெசேஜ் 2024-லும் சாவிப் பரிமாற்றத்தை மாற்றிக்கொண்டன.

இரண்டாவது, கையொப்பம். இதைச் சேமித்து வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கணினி வந்த பிறகுதான் போலிக் கையொப்பம் போட முடியும். ஆனால் அன்றைக்கும் சுவரில் மாட்டியிருக்கும் சாதனம் அதை நம்பிவிடும். 15 வருட மீட்டருக்கு இதுதான் பெரிய ஆபத்து.

"எப்போது வரும்" என்பதற்குத் தேதி சொல்ல யாராலும் முடியாது. போக்கை மட்டும் பார்க்கலாம். இவற்றை உடைக்கும் குவாண்டம் வழிமுறையை ஷோர் 1994-ல் சொன்னார். ஆர்எஸ்ஏ-2048 எண்ணை 8 மணி நேரத்தில் உடைக்க 2 கோடி குவாண்டம் பிட் வேண்டும் என்று 2019-ல் கிட்னியும் எக்கெராவும் கணக்கிட்டார்கள். 2025-ல் அதே கிட்னி, 10 லட்சத்துக்கும் குறைவான குவாண்டம் பிட் இருந்தால் ஒரு வாரத்துக்குள் முடிக்கலாம் என்று கணக்குக் காட்டினார். எந்திரம் இன்னும் வரவில்லை, ஆனால் தேவைப்படும் எந்திரத்தின் அளவு 6 வருடத்தில் 20-ல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. வளைவு கிரிப்டோவும் ஷோருக்கு அதே மாதிரி விழும். சாவி சிறியது என்பதால் அதில் கூடுதல் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது.

அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2024 நவம்பரில் வெளியிட்ட வரைவில், ஆர்எஸ்ஏ-2048, பி-256 போன்றவற்றை 2035-க்குப் பிறகு அனுமதிப்பதில்லை என்று இருக்கிறது. உங்கள் மீட்டரின் ஆயுளில் கடைசி 6 வருடம் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுகிறது. வாங்குபவர் கேட்பது அதனால்தான்.

வேளச்சேரி_விசு | திங்கள், இரவு 10:50

எரித்த சாவியைப் பற்றிச் சொன்னது புரிகிறது. அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை.

பழைய_எம்பெடெட் | செவ்வாய், காலை 6:15

அம்பத்தூர் தம்பி, 22 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். குவாண்டம் இல்லாமலேயே இந்தப் பிரச்சினையில் நான் ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.

அப்போது நான் வேலை பார்த்த நிறுவனம் ஜெனரேட்டர் கண்காணிப்புக் கருவி செய்தது. சர்வரை நம்புவதற்குக் கருவிக்குள் ஒரே ஒரு ரூட் சான்றிதழ் வைத்திருந்தோம், டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3. அது 2021 செப்டம்பர் 30-ல் காலாவதி ஆகும் என்பது முன்பே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. எங்களில் யாரும் அதைக் குறித்து வைக்கவில்லை. அன்று இரவு கருவிகள் ஒவ்வொன்றாக டாஷ்போர்டில் சாம்பல் நிறமாக மாறின. புதிய ரூட்டை அனுப்பலாம் என்றால், அப்டேட் வரும் வழியும் அந்தச் சான்றிதழை நம்பும் அதே டிஎல்எஸ் மறையாக்கத் தொடர்புதான். கதவுக்குச் சாவி வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்ட மாதிரி.

மழைக்காலம் வேறு ஆரம்பித்துவிட்டது. இரண்டு பசங்களும் நானும் லேப்டாப்பும் யூஎஸ்பி கேபிளும் எடுத்துக்கொண்டு பொன்னேரியில் இருந்து செங்கல்பட்டு வரை மூன்று வாரம் பைக்கில் சுற்றினோம். ஒவ்வொரு மாடியிலும் வாட்ச்மேனிடம் சாவி வாங்கி, மூடியைக் கழற்றி, நனையாமல் பிடித்துக்கொண்டு கைமுறையாக ஃபர்ம்வேர் ஏற்றினோம்.

சொல்ல வந்தது இதுதான். எந்த அல்காரிதம் என்று முடிவு செய்வதற்கு முன்னால், எல்லாம் தவறாகப் போனால் அந்தப் பெட்டிக்கு எந்த வழியாக உயிர் கொடுப்பாய் என்று யோசி. அப்டேட் வழிக்கு ஒரு சாவி, சாதாரணத் தொடர்புக்கு இன்னொரு சாவி என்று பிரித்து வை. டிஎல்எஸ் செத்தாலும், கையொப்பம் சரியாக இருக்கும் ஃபர்ம்வேரைச் சாதாரண எச்டிடிபி வழியாக வாங்கிக்கொள்ள ஒரு வழி இருக்கட்டும். கையொப்பம் உறுதியாக இருந்தால் போக்குவரத்துக்கு மறையாக்கம் இல்லாவிட்டாலும் யாரும் உள்ளே எதையும் நுழைக்க முடியாது.

எச்எஸ்எம்_பெருங்குடி | செவ்வாய், காலை 11:05

பழைய எம்பெடெட் சார் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் சாவி மேலாண்மையில் வேலை செய்கிறேன். உங்கள் கேள்வி கையொப்பம் பற்றியது என்பதால் அதிலேயே நிற்கிறேன்.

நிஸ்ட் 2024 ஆகஸ்ட் 13-ல் மூன்று தரங்களை வெளியிட்டது. ஃபிப்ஸ் 203 என்பது சாவிப் பரிமாற்றத்துக்கான எம்எல்-கெம். 204 என்பது எம்எல்-டிஎஸ்ஏ. 205 என்பது எஸ்எல்எச்-டிஎஸ்ஏ. பின்னால் உள்ள இரண்டும் கையொப்பத்துக்கு. இவற்றுக்கு முன்பே, 2020-ல் எஸ்பி 800-208 என்ற ஆவணத்தில் எல்எம்எஸ், எக்ஸ்எம்எஸ்எஸ் என்ற இரண்டு ஹாஷ் வகைக் கையொப்பங்களுக்கு நிஸ்ட் ஒப்புதல் கொடுத்திருந்தது. ஃபர்ம்வேர் என்று வரும்போது பலரும் எல்எம்எஸ் பக்கம்தான் முதலில் பார்க்கிறார்கள்.

உங்கள் போர்டுக்கு எது பொருந்தும் என்பது அளவில்தான் இருக்கிறது. இப்போதைய பி-256 கையொப்பம் 64 பைட். எம்எல்-டிஎஸ்ஏ-44 எடுத்தால் 2,420 பைட், பொதுச்சாவி 1,312 பைட். எம்எல்-டிஎஸ்ஏ-65 என்றால் 3,309, சாவி 1,952. எஸ்எல்எச்-டிஎஸ்ஏ-வில் மிகச் சிறிய வகையே 7,856 பைட், ஆனால் சாவி 32 பைட்தான். எல்எம்எஸ்-ல் ஒருமுறை மட்டும் பயன்படும் சாவிகள் ஒரு மரத்தின் இலைகளாக இருக்கும். மர உயரம் 10, அகலம் 8 என்று எடுத்தால் கையொப்பம் 1,452 பைட், சாவி 56 பைட்.

எல்எம்எஸ்-ஐ நான் பரிந்துரைக்கக் காரணம், சரிபார்ப்பில் எஸ்எச்ஏ-256-ஐத் தவிர வேறு கணக்கே கிடையாது. அது உங்கள் பூட்லோடரில் ஏற்கெனவே இருக்கிறது. மேலே சேர்க்க வேண்டிய கோடு சில கேபிதான். 11 கேபி காலி இடத்தில் தாராளமாக உட்காரும்.

ஆனால் எல்எம்எஸ்-ல் ஒரு கண்ணி இருக்கிறது, இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உயரம் 10 என்றால் அந்தச் சாவியால் 1,024 முறைதான் கையொப்பம் போடலாம். ஒவ்வொரு முறையும் மரத்தில் ஒரு இலை செலவாகும். ஒரே இலையை இரண்டு வெவ்வேறு ஃபைலுக்குப் பயன்படுத்திவிட்டால், அந்த இரண்டு கையொப்பங்களையும் வைத்து மூன்றாவதாக ஒன்றைப் போலியாகச் செய்ய வழி பிறந்துவிடும். குவாண்டம் கணினி தேவையில்லை, சாதாரண லேப்டாப் போதும்.

இது எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். நாங்கள் சோதனைக்காக ஒரு விர்ச்சுவல் மெஷினில் எல்எம்எஸ் சாவியை வைத்திருந்தோம். ஒரு நாள் டிஸ்க் நிறைந்து மெஷின் நின்றுவிட்டது. நிர்வாகம் பார்க்கும் தம்பி நல்ல எண்ணத்தோடு முந்தைய இரவின் ஸ்னாப்ஷாட்டில் இருந்து மீட்டெடுத்தார். எந்த இலை வரை செலவானது என்ற எண்ணும் சேர்ந்து பின்னால் போய்விட்டது. மறுநாள் போட்ட கையொப்பம், ஏற்கெனவே செலவான இலையில் விழுந்தது. சோதனைச் சாவி என்பதால் தப்பித்தோம். தனிச்சாவியை எச்எஸ்எம்-க்குள்ளேயே (சாவிகளைப் பூட்டி வைக்கும் பாதுகாப்புக் கருவி) உருவாக்க வேண்டும், வெளியே எடுக்க அனுமதிக்கக் கூடாது என்று 800-208 கண்டிப்பாகச் சொல்வது இதற்காகத்தான். அதாவது பேக்கப் எடுத்து வைப்பதே இங்கே ஆபத்து.

அம்பத்தூர்_போர்டு | செவ்வாய், மதியம் 1:20

மேடம், பேக்கப் எடுக்கவே கூடாது என்றால், அந்த எச்எஸ்எம் பழுதானால் 4,000 மீட்டருக்கும் இனி அப்டேட்டே அனுப்ப முடியாதே?

எச்எஸ்எம்_பெருங்குடி | செவ்வாய், மதியம் 2:02

அதற்கு வழி, சாவியை நகல் எடுக்காமல் இரண்டு சாவி வைத்துக்கொள்வது. இரண்டு எச்எஸ்எம்-களில் தனித்தனி மரம் உருவாக்குங்கள். இரண்டின் பொதுச்சாவிகளையும் ஒரு பட்டியலாக வைத்து, அந்தப் பட்டியலின் ஹாஷை ஓடிபி-யில் எரியுங்கள். ஒன்று அலுவலகத்தில் இருக்கட்டும், இன்னொன்று வங்கி லாக்கரில். முதலாவது செத்தால் இரண்டாவது. எந்த இலை வரை செலவானது என்ற நிலைக்கணக்கு எங்கேயும் குழம்பாது.

எண்ணிக்கை போதுமா என்று பார்த்துவிடலாம். மாதம் ஒரு வெளியீடு என்றாலும் 15 வருடத்துக்கு 180. மூன்று வகைப் போர்டு இருந்தால் 540. 1,024-க்குள் அடங்கிவிடும். ஆனால் தானியங்கி பில்டு அமைப்பான சிஐ ஒவ்வொரு பில்டுக்கும் இந்தச் சாவியில் கையொப்பம் போட்டால் ஒரே வருடத்தில் தீர்ந்துவிடும். அன்றாட பில்டுக்கு வேறு சாவி, வேறு போர்டு. இன்னும் நிம்மதி வேண்டும் என்றால் உயரம் 15 எடுங்கள். 32,768 கையொப்பம் போடலாம், அளவு 1,612 பைட்தான் ஆகும்.

தரமணி_லாட்டிஸ் | செவ்வாய், மாலை 4:40

மேடம் சொன்னதில் ஒரு மாற்றுக் கருத்து. 18 பேர் நிறுவனத்தில் இரண்டு எச்எஸ்எம், லாக்கர், நிலைக்கணக்கு எல்லாவற்றையும் 15 வருடம் ஒழுங்காக நடத்த முடியுமா? இன்று அதைப் புரிந்து வைத்திருப்பவர் மூன்று வருடத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார். தவறு செய்தால் முழுதாக விழும் ஒன்றை, ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் வைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

எம்எல்-டிஎஸ்ஏ-வில் நிலைக்கணக்கே கிடையாது. எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம், பேக்கப் எடுக்கலாம். ராம் போதாது என்று பயப்பட வேண்டாம். எம்எல்-டிஎஸ்ஏ-65-ல் 6 வரிசை, 5 நெடுவரிசை அணி ஒன்று வரும். அதை மொத்தமாக விரித்து வைத்தால் 30 கேபி. ஒவ்வொரு உறுப்பையும் தேவைப்படும்போது உருவாக்கிப் பயன்படுத்தி விட்டுவிட்டால் இதில் சிறு பகுதிதான் ஆகும், நேரம் மட்டும் கூடும். பூட்லோடர் ஓடும்போது வேறு யாரும் ராமைத் தொடுவதில்லை. 256 கேபி முழுவதும் உங்களுக்குத்தான். நெருக்கடி ஃபிளாஷில்தான் வரும், ஏனென்றால் இதற்குக் கெச்சாக் ஹாஷ் வேண்டும், அது உங்களிடம் இல்லை.

எச்எஸ்எம்_பெருங்குடி | செவ்வாய், மாலை 5:15

ஆள் மாறும் பிரச்சினையை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஒழுங்காக நடத்த ஒருவர் நிரந்தரமாக இருக்கிறார் என்றால் எல்எம்எஸ், இல்லையென்றால் எம்எல்-டிஎஸ்ஏ என்று திருத்திக்கொள்கிறேன்.

எதை எடுத்தாலும் பழைய இசிடிஎஸ்ஏ-வையும் கூடவே வைத்திருங்கள். புதியதன் கோடில் பிழை இருந்தால் பழையது காப்பாற்றும். பழையது குவாண்டத்தில் விழுந்தால் புதியது காப்பாற்றும். ஆனால் இரண்டும் சரியாக இருந்தால்தான் பூட் ஆக வேண்டும். "இரண்டில் ஒன்று சரியாக இருந்தால் போதும்" என்று எழுதிவிட்டால் தாக்குபவர் இருப்பதில் பலவீனமானதைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். கோடில் அது ஒரு குறியீடு மாறும் விஷயம்தான். வேறொருவர் எழுதிய பூட்லோடரில் இந்தத் தவறை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஓஎம்ஆர்_பின்தளம் | செவ்வாய், இரவு 8:30

கையொப்பம் ஓரளவு தெளிவாகிவிட்டது. டிஎல்எஸ் பற்றிச் சொல்கிறேன்.

சர்வர் பக்கத்தில் வேலை குறைவு. ஓபன்எஸ்எஸ்எல் 3.5 வந்ததில் இருந்து பழைய வளைவு வகையான எக்ஸ்25519-உம் எம்எல்-கெம்-768-உம் சேர்ந்த கலப்புப் பரிமாற்றம் உள்ளேயே இருக்கிறது. கோ மொழியில் 1.24-ல் இருந்து அது இயல்பாகவே இயங்குகிறது. குரோம் உலாவி 2024-லேயே இந்தப் பக்கம் வந்துவிட்டது. உங்கள் டாஷ்போர்டு இப்போதே அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கலாம்.

சிக்கல் கேட்வேயில். எம்எல்-கெம்-768 பொதுச்சாவி 1,184 பைட், கூட எக்ஸ்25519-க்கு 32. முதல் ஹலோ செய்தி ஒரே பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாகப் பிரியும். ஹலோ எப்போதும் ஒரே பாக்கெட்டில்தான் வரும் என்று நம்பி எழுதப்பட்ட ஃபயர்வால்களும் லோடு பேலன்சர்களும் இன்னும் இருக்கின்றன. அங்கே பிழைச் செய்தி எதுவும் வராது, தொடர்பு தொங்கிக்கொண்டு நிற்கும். மேஜையில் வைஃபையில் சோதித்தால் தெரியாது. சிம் போட்டு, சிக்னல் மோசமான பேஸ்மென்டில் வைத்துச் சோதியுங்கள்.

அதைவிட முக்கியமான கேள்வி: உங்கள் டிஎல்எஸ் எங்கே ஓடுகிறது, மைக்ரோகன்ட்ரோலரிலா, 4ஜி மாட்யூலுக்குள்ளேயா?

அம்பத்தூர்_போர்டு | செவ்வாய், இரவு 8:52

மாட்யூலுக்குள்தான். ஏடி கமாண்டில் சான்றிதழை ஏற்றிவிடுவோம், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

ஓஎம்ஆர்_பின்தளம் | செவ்வாய், இரவு 9:10

அப்படியானால் எம்எல்-கெம் எப்போது வரும் என்பது மாட்யூல் செய்பவரின் கையில் இருக்கிறது. பழைய மாடலுக்குப் புதிய ஃபர்ம்வேர் வெளியிடுவார்கள் என்று நம்பி 15 வருடத் திட்டம் போட முடியாது. டிஎல்எஸ்-ஐ மைக்ரோகன்ட்ரோலருக்கு இழுத்துவிடுங்கள். மாட்யூல் வெறும் டிசிபி குழாயாக இருக்கட்டும். உல்ஃப்எஸ்எஸ்எல் மாதிரியான நூலகங்களில் எம்எல்-கெம் இருக்கிறது. எம்4-ல் அந்தக் கணக்குக்குச் சில மில்லி விநாடிதான் ஆகும், 4ஜி-யில் ஒரு பாக்கெட் போய் வரும் நேரத்தைவிடக் குறைவு. ஃபிளாஷும் ராமும் உங்களிடம் போதுமான அளவு இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டால் அப்புறம் டிஎல்எஸ்-ஐ எப்போது வேண்டுமானாலும் ஓடிஏ-வில் மாற்றலாம். இப்போதே எம்எல்-கெம் போட்டே ஆக வேண்டும் என்ற அவசரமும் குறையும்.

ஒரகடம்_டெஸ்ட்லைன் | புதன், காலை 7:40

நான் தயாரிப்பு வரிசையில் சாதனங்களுக்குச் சாவி ஏற்றும் பிரிவில் இருக்கிறேன். யாரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். லோரா நோடுகளில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் ஒன்றேயா?

அம்பத்தூர்_போர்டு | புதன், காலை 9:05

மறைக்க விரும்பவில்லை. முதல் இரண்டு தயாரிப்புகளில் எல்லா நோடுக்கும் ஒரே ஆப் கீதான், அதாவது ஒரே ரகசியச் சாவி. நேரம் இல்லை என்று அப்போது அப்படிச் செய்துவிட்டோம்.

ஒரகடம்_டெஸ்ட்லைன் | புதன், காலை 9:30

நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி சார். முதலில் இதைச் சரி செய்யுங்கள், குவாண்டம் அப்புறம். இன்று ஒருவர் ஒரே ஒரு நோடைக் கழற்றி ஃபிளாஷைப் படித்துவிட்டால் ஊரில் உள்ள எல்லா மீட்டரும் அவர் கையில். இதற்கு 2035 வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

தனிச் சாவி ஏற்றிவிட்டால் நோடுகளைப் பற்றிக் கவலை குறைவு. லோரா நோடுகள் பேசும் லோராவேன் நெறிமுறையில் பொதுச்சாவி கிரிப்டோ கிடையாது, எல்லாமே இரு பக்கமும் ஒரே ரகசியச் சாவி வைத்திருக்கும் ஏஇஎஸ்-128. ஷோர் வழிமுறை அதைத் தொடாது. குரோவரின் குவாண்டம் தேடல் வழிமுறை காகிதத்தில் பாதிக்கும், ஆனால் நடைமுறையில் ஏஇஎஸ்-128-ஐ மாற்றச் சொல்லி நிஸ்ட் கேட்கவில்லை.

நோடுக்கு ஓடிஏ அனுப்பும்போது பெரிய கையொப்பம் பேட்டரியைத் தின்னுமா என்று கேட்பார்கள். இந்தியாவின் 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் மிக மெதுவான வேகத்தில் ஒரு பாக்கெட்டுக்கு 51 பைட். 120 கேபி ஃபர்ம்வேருக்கு 2,400 பாக்கெட்டுக்கு மேல் ஆகும். அதோடு எம்எல்-டிஎஸ்ஏ-44 கையொப்பம் 48 பாக்கெட். நூற்றுக்கு இரண்டு. இதற்குப் பயப்பட வேண்டாம்.

கேட்வேயின் அடையாளச் சான்றிதழுக்கு செக்யூர் எலிமென்ட் சிப் (தனிச்சாவியைப் பூட்டி வைக்கும் சிப்) வைத்திருப்பீர்கள். அது பி-256 மட்டும்தான் அறியும் என்றால் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். அடையாளச் சரிபார்ப்பு அந்த நேரத்துக்கு மட்டும் உரியது, பழையதைச் சேமித்து வைத்துப் பிறகு ஏமாற்ற முடியாது. ஆனால் ஃபிளாஷில் 16 கேபி ஒதுக்கி வையுங்கள். நாளை எம்எல்-டிஎஸ்ஏ-65 சான்றிதழ் வந்தால் ஒன்றே 5 கேபி தாண்டும், இரண்டு அடுக்குச் சங்கிலி 10 கேபி. தனிச்சாவியை முழுதாக வைக்கத் தேவையில்லை, 32 பைட் விதையை மட்டும் வைத்தால் போதும், அதிலிருந்து மீண்டும் உருவாக்கலாம். அந்த 32 பைட்டைத் தயாரிப்பு வரிசையிலேயே நல்ல ரேண்டம் மூலத்தில் இருந்து இப்போதே ஏற்றிவிடலாம். பின்னால் ஏற்றப் போனால் ஒவ்வொரு மாடியும் ஏற வேண்டும்.

வேளச்சேரி_விசு | புதன், மாலை 6:20

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒன்று உறுத்துகிறது. இந்தப் புதிய அல்காரிதங்களே நாளை உடைந்தால்? 2022-ல் சைக் என்ற சாவிப் பரிமாற்ற முறை ஒன்று உடைந்ததாகப் படித்தேன்.

தரமணி_லாட்டிஸ் | புதன், இரவு 9:00

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 2022-ல் சைக்கை காஸ்ட்ரிக்கும் டெக்ரூவும் சாதாரணக் கணினியின் ஒரே கோரில் ஒரு மணி நேர அளவில் உடைத்தார்கள். அதே வருடம் ரெயின்போ என்ற கையொப்பத்தை வார்ட் பெயுலன்ஸ் லேப்டாப்பில் ஒரு வார இறுதியில் உடைத்தார். இரண்டும் நிஸ்ட் போட்டியில் நெடுந்தூரம் வந்தவை. அதனால் இந்த அச்சத்தை நான் ஒருபோதும் ஒதுக்க மாட்டேன்.

எம்எல்-கெம்-உம் எம்எல்-டிஎஸ்ஏ-வும் லாட்டிஸ் (பல பரிமாணப் புள்ளி வலை) கணக்கில் நிற்கின்றன. அது பல பத்தாண்டுகளாகத் துருவப்பட்ட கணக்கு, சைக்கின் அடித்தளம் அவ்வளவு பழையது அல்ல. இருந்தாலும் ஒரே குடும்பத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்றுதான் நிஸ்ட் 2025 மார்ச்சில் எச்க்யூசி-யைச் சாவிப் பரிமாற்றத்துக்கு மாற்றாகத் தேர்ந்தெடுத்தது. எல்எம்எஸ், எஸ்எல்எச்-டிஎஸ்ஏ இரண்டும் ஹாஷை மட்டும் நம்புகின்றன. எஸ்எச்ஏ-256 விழுந்தால் அவற்றோடு உலகில் எல்லாமே விழும், அதனால் இவைதான் மிகப் பழமையான நம்பிக்கை. பழையதும் புதியதும் சேர்ந்து சரியாக இருக்க வேண்டும் என்று மேடம் சொன்னதும் இதற்காகத்தான்.

கணக்கு சரியாக இருந்தும் கோடு சறுக்கலாம். எம்எல்-கெம்-இன் பழைய பெயரான கைபர் கோடில் ஒரு வகுத்தல் செயலுக்கு ஆகும் நேரம் ரகசியத்தைப் பொறுத்து மாறியதால் சாவி கசிந்தது, கைபர்ஸ்லாஷ் என்று 2023-ல் வெளிவந்தது. நூலகம் எடுக்கும்போது அது திருத்தப்பட்ட பதிப்புதானா என்று பாருங்கள். சொந்தமாக எழுத வேண்டாம்.

கோட்டூர்புரம்_மாணவி | புதன், இரவு 9:25

ஐஐடி மெட்ராஸில் தேசியக் குவாண்டம் இயக்கத்தின் தகவல்தொடர்பு மையம் இருக்கிறதே, அவர்கள் செய்யும் குவாண்டம் சாவிப் பகிர்வை மீட்டருக்குப் பயன்படுத்த முடியாதா?

தரமணி_லாட்டிஸ் | புதன், இரவு 9:33

இல்லைமா, இரண்டும் வேறு. சாவிப் பகிர்வுக்கு ஒளியிழையும் ஒற்றை ஃபோட்டானைப் பிடிக்கும் கருவியும் வேண்டும், அது இரண்டு டேட்டா சென்டருக்கு இடையில் பயன்படும். நாம் பேசுவது சாதாரண சிப்பில் ஓடும் மென்பொருள். இதில் ஆர்வம் இருந்தால் தரமணியில் இருக்கும் செட்ஸ் நிறுவனத்தின் வேலைகளைப் பார், கிரிப்டோ ஆய்வுதான் அவர்களுடைய துறை.

அம்பத்தூர்_போர்டு | அடுத்த வெள்ளி, இரவு 10:10

பத்து நாள் கழித்து வருகிறேன். செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு ஷீட் போட்டோம். எந்தச் சாதனத்தில், எந்த அல்காரிதம், எங்கே சேமித்திருக்கிறது, மாற்ற முடியுமா, யார் கையில் என்று ஐந்து நிரல். இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டியில் கிரிப்டோப் பட்டியல் என்று ஒன்று கேட்கிறார்கள், கிட்டத்தட்ட அதே வடிவம். நான் நினைத்ததைவிட மூன்று இடம் கூடுதலாகக் கிளம்பியது. அதில் ஒன்று, ப்ளூடூத்தில் இன்ஸ்டாலரின் போன் இணையும் இடம். அங்கேயும் பி-256 இருக்கிறது என்பது எனக்கே தெரியாது.

பூட்லோடரில் எல்எம்எஸ் போட்டுவிட்டோம். உயரம் 15, அகலம் 8. சரிபார்க்க சராசரியாக 4,450 ஹாஷ் போல ஆகிறது, 80 மெகாஹெர்ட்ஸில் 0.2 விநாடி போல. பூட் நேரத்தில் யாருக்கும் தெரியாது. தரமணி நண்பர் எச்சரித்தது மனதில் இருந்ததால் நிலைக்கணக்குக்கு எங்கள் நிறுவனர் பொறுப்பு, அவர் வேலை மாறப்போவதில்லை. ஒவ்வொரு கையொப்பத்துக்கும் இலை எண்ணைத் தாளிலும் எழுதி இரண்டு பேர் ஒப்பமிடுகிறோம். இசிடிஎஸ்ஏ-வும் கூடவே இருக்கிறது, இரண்டும் சரியாக இருந்தால்தான் பூட்.

ஓடிபி-யில் மூன்று சாவிப் பட்டியலின் ஹாஷ். இரண்டு எல்எம்எஸ், ஒரு எம்எல்-டிஎஸ்ஏ-65. மூன்றாவதைச் சரிபார்க்கும் கோடு இன்னும் எழுதவில்லை, ஆனால் பொதுச்சாவி இப்போதே பட்டியலில் இருக்கிறது. டிஎல்எஸ்-ஐ மாட்யூலில் இருந்து வெளியே எடுக்கும் வேலை பாதியில் இருக்கிறது. தனி ஆப் கீ இந்தத் தயாரிப்பில் இருந்தே.

கேள்வித்தாளில் "தயார்" என்று போடவில்லை. ஃபர்ம்வேர் கையொப்பம் தயார், டிஎல்எஸ் இந்தத் தேதிக்குள், அடையாளச் சான்றிதழுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்று எழுதி ஷீட்டையும் சேர்த்து அனுப்பினேன். ஐரோப்பாவின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் நடைமுறைக்கு வருவதால் அவர்களும் இதைத்தான் எதிர்பார்த்திருக்கிறார்கள். அடுத்த சுற்றுப் பேச்சுக்கு அழைத்திருக்கிறார்கள்.

மிச்சம் இருப்பது ஏற்கெனவே மாட்டிய 1,900 கேட்வே. அவற்றில் பூட்லோடர் பூட்டப்பட்டுவிட்டது, தொட முடியாது. அவற்றுக்கு ஏதாவது செய்ய முடியுமா?

பழைய_எம்பெடெட் | வெள்ளி, இரவு 10:45

பூட்லோடரைத் தொட முடியாவிட்டாலும் அப்ளிகேஷனைத் தொடலாம் தம்பி. புதிய இமேஜைப் பதிவிறக்கி ஃபிளாஷில் வைப்பது அப்ளிகேஷன்தானே? வைப்பதற்கு முன்னால் அங்கேயே எல்எம்எஸ் சரிபார்ப்பைப் போடு. சரியில்லை என்றால் பூட்லோடர் வரை போகவே விடாதே. பெட்டியைத் திறந்து நேராக ஃபிளாஷில் எழுதுபவரை இது தடுக்காது. ஆனால் நெட்வொர்க் வழியாக வருபவர் அப்ளிகேஷனைத் தாண்டித்தான் வர வேண்டும். 1,900 பெட்டிக்கும் ஒருவர் ஏணி போட்டு ஏறப்போவதில்லை.

இந்த அப்டேட்டைப் பழைய சாவி நம்பகமாக இருக்கும்போதே அனுப்பிவிட வேண்டும். தள்ளிப் போடாதே.

எச்எஸ்எம்_பெருங்குடி | வெள்ளி, இரவு 11:02

அப்ளிகேஷனில் போடும் எல்எம்எஸ் சாவி, புதிய போர்டுகளின் சாவியாக இருக்க வேண்டாம். பழைய கேட்வேக்களுக்குத் தனி மரம் உருவாக்குங்கள். இரண்டு தலைமுறையும் ஒரே இலைக் கணக்கைப் பகிர்ந்தால் தாளில் எழுதுவதும் குழம்பும்.

அம்பத்தூர்_போர்டு | வெள்ளி, இரவு 11:15

தனி மரம், அப்ளிகேஷனில் சரிபார்ப்பு. குறித்துக்கொண்டேன். அண்ணா நகரில் எங்கள் பக்கத்துத் தெருக் குடியிருப்பில் நான்கு பழைய கேட்வே இருக்கிறது, செயலாளர் தெரிந்தவர். திங்கள் காலை அவற்றில் முதலில் அனுப்பிப் பார்க்கிறேன். யூஎஸ்பி கேபிளையும் கையோடு எடுத்துக்கொண்டு போகிறேன்.